அவர் போட்ட மாபிளில் முழங்கால் போட்டு

எங்கள் கோயிலுக்கு மாபிள் போட்டுத் தந்தவர் ஒரு மீன் முதலாளி. முல்லைத்தீவுக் கரையில் எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், சொன்னால் ஆளை மட்டுப்பிடித்துவிடுவீர்கள், அவரை நாறடிக்க இதை எழுதவில்லை. முந்தி அது சீமெந்து நிலம், கடற்கரை உப்புக்கு அங்கங்கே பெயர்ந்து, முழங்கால் போட்டால் குறுணிக்கல் குத்தும். இப்போது வெள்ளை மாபிள், வாசலில் அவருடைய தாய் தகப்பன் பெயர் வெட்டிய கல். ஞாயிறு பூசைக்குப் போனால் அதில்தான் முழங்கால் போடுகிறேன். அதே மனிதருக்குத்தான் 2009 சித்திரையில் வலைஞர்மடத்தில் வைத்து என் தாலிக்கொடியை விற்றேன்.

அநியாயம் செய்கிறவன் வடிவாக இருக்கிறான், நேர்மையாக இருந்த நாங்கள் மண்ணாய்ப் போனோம், கடவுள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாரா என்று கேட்கிற ஆட்கள் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு இத்தனை வருசம் கருவாடு காயப்போட்டதில் எது உதவியது, எது உதவவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

கடவுளோடு எனக்குக் கோபம் வந்தது போருக்கு முதலே. 2004 நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, என் அம்மாவையும் ஆறு வயது மகளையும் கடல் கொண்டுபோனது. நத்தார்ச் சட்டையைக் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்து அதோடேயே படுத்து எழும்பியிருந்தாள். மூன்றாம் நாள் அந்தச் சட்டையை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். இதைப் பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன். ஆனால் ஒன்று: கடல் வந்தபோது நல்லவன் வீடு கெட்டவன் வீடு என்று பார்க்கவில்லை, எல்லாரையும் ஒரே அடியாக அடித்தது. அழுதேன், கோயில் பக்கம் ஒரு வருசம் போகாமல் இருந்தேன், ஆனால் எரிச்சல்பட ஒரு ஆள் இருக்கவில்லை.

2009 அப்படி இல்லை. புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, மாத்தளன், பொக்கணை என்று ஓடி ஓடி, பொக்கணையில் என் மனிசனுக்கு ஷெல் பட்டது. புதுமாத்தளனில் காயக்காரரை ஏற்றிய செஞ்சிலுவைக் கப்பலில் புல்மோட்டைக்குக் கொண்டுபோனார்கள். கால் இருக்குமா, ஆள் இருக்குமா என்று தெரியாது. நானும் பதினாறு வயது மகனும் வலைஞர்மடத்தில் ஒரு பங்கருக்குள். உயிர்ப்பு ஞாயிறு முடிந்த கிழமை. சாப்பாடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அந்த முதலாளியிடம் எங்கிருந்தோ அரிசி மூட்டைகளும் பால்மாவும் இருந்தன. ஐந்தரைப் பவுண் கொடிக்கு அவர் தந்தது பத்துக் கிலோ அரிசி, இரண்டு பைக்கற் பால்மா, கொஞ்சக் காசு. "உனக்காகத்தான் தங்கச்சி இந்த விலை" என்று வேறு சொன்னார். அந்தச் சொல்தான் கொடியை விடக் கனமாக இவ்வளவு காலம் கழுத்தில் கிடந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்த அரிசியில்தான் மகன் பிழைத்தான். இதை நான் ஒத்துக்கொள்ளவே பல வருசம் சென்றது.

பிறகு வவுனியாப் பக்கம் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாம். அங்கே மனிசனைக் கண்டுபிடித்தேன், முழங்காலுக்குக் கீழே இல்லை. ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் நல்லவர்கள், சவர்க்காரம் தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்து அழுதார்கள். மற்றவர்கள் விளக்கம் தந்தார்கள். ஒருவர் கடவுள் தான் நேசிக்கிறவர்களைத்தான் சோதிக்கிறார் என்றார். இன்னொருவர் எங்கள் விசுவாசம் போதவில்லை என்றார். பக்கத்துக் கூடாரத்துச் சைவக்கார அக்காவுக்கு யாரோ போன பிறப்பு வினை என்று சொல்லிவிட்டுப் போக, அவர் என்னிடம் வந்து, "உங்கட ஆக்கள் சோதனை எண்டுகினம், எங்கட ஆக்கள் வினை எண்டுகினம், ரெண்டிலயும் பிழை எங்களிலதான் பாத்தியளோ" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அந்த முகாமில் நான் சிரித்த ஞாபகம் அது ஒன்றுதான். யோபுவைப் பார்க்க வந்த நண்பர்களும் முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு நிலத்தில் இருந்தார்கள், அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது, வாயைத் திறந்த பிறகுதான் பிசகியது. துன்பப்பட்ட வீட்டுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது அதுதான். போங்கள், இருங்கள், தேத்தண்ணி போட்டுக் கொடுங்கள், காரணம் சொல்லாதீர்கள்.

2011இல் கரைக்குத் திரும்பினோம். மனிசன் ஜெய்ப்பூர் கால் போட்டு வலை பொத்தத் தொடங்கினார். நான் வள்ளம் வரும்போது சூடை, நெத்தலி, கட்டா என்று வாங்கி உப்புப் போட்டுக் காயவைத்து விற்றேன். தொழில் தொடங்க முற்பணம் யார் தருவார்? அந்த முதலாளிதான். முற்பணம் வாங்கினால் கருவாட்டை அவருக்குத்தான் கொடுக்க வேண்டும், அவர் சொன்ன விலை, அவர் தராசு. பத்துக் கிலோ கொண்டுபோனால் எட்டரை என்று நிற்கும். அதிலும் ஈரம் என்று கழிவு. மூன்று கிலோ பச்சை மீன் காய்ந்தால்தான் ஒரு கிலோ கருவாடு, அந்த ஒன்றரைக் கிலோவுக்குள் எத்தனை வெயில் நிற்கிறது என்று அவருக்குத் தெரியாமலா? இதற்குள் அவருடைய படகுகள் இரவில் வெளிச்சம் பாய்ச்சி, நாங்கள் லைற் கோஸ் என்று சொல்வது, குஞ்சு குருமான் பாராமல் அள்ளிக்கொண்டு வந்தன. சிறுதொழில் செய்கிறவன் வலை வெறுமையாக வரும். முறைப்பாடு செய்ய வேண்டிய இடத்தில் செய்தோம், எழுதி எடுத்தார்கள், அவ்வளவுதான்.

நான் ஒரு கொப்பி வைத்திருந்தேன். இதுதான் நான் சொல்ல வந்த விசயம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மகனுடைய பழைய சிஆர் கொப்பி. முதலில் அதில் வீட்டில் நான் நிறுத்த நிறையையும் அவர் தராசில் நின்ற நிறையையும் எழுதினேன். இரண்டு நிரல். கொஞ்ச நாளில் மூன்றாவது நிரல் ஒன்று தானாக வந்துவிட்டது. அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று. புதுக் கூலர் வாகனம். மேல்மாடிக்குத் தூண் எழும்புகிறது. மூத்தவளுக்கு வவுனியாவில் மண்டபம் எடுத்துக் கலியாணம். 2015 தை 14 திருத்தந்தை பிரான்சிஸ் மடு மாதா கோயிலுக்கு வந்த அன்று நாங்கள் விடியப்புறம் போய்ச் சனத்துக்குள் நசிபட்டு நிற்க, அவர் வெள்ளை வேட்டியோடு எங்களுக்கு எவ்வளவோ முன்னால் நின்றார், அதையும் வீட்டுக்கு வந்து எழுதினேன். அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட எழுதுவேன், பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளடி. இரவில் செபமாலை முடித்துவிட்டு அந்தக் கொப்பியை எடுப்பேன். உண்மையைச் சொன்னால் செபமாலையை விட அதில்தான் மனம் ஒன்றும்.

அதை நான் நீதிக்கான காத்திருப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடவுள் இருக்கிறார் என்பதற்குச் சாட்சியாக அவர் விழவேண்டும், அவர் விழவில்லை என்றால் கடவுள் இல்லை. இப்படி ஒரு சோதனைப் பரீட்சை கடவுளுக்கு நானே வைத்துவிட்டேன். அதாவது என் விசுவாசத்தின் கயிறு அந்த மனிதருடைய கையில் இருந்தது. அவர் வீட்டுக்குத் தூண் எழும்பினால் என் செபம் சரிந்துவிடும்.

2019 ஆனி மாதம். அவருடைய கடைசி மகன் போன படகு திரும்பவில்லை. ஒரு நாள், இரண்டு நாள். ஊர் முழுக்கக் கரையில். செய்தி காதில் விழுந்தபோது நான் நெத்தலி புரட்டிக்கொண்டிருந்தேன். எனக்குள் ஒன்று எழும்பியது, அதற்கு வேறு பெயர் வைக்க முடியாது, சந்தோசம்தான். வயிற்றுக்குள் சூடாக. கடைசியில் கண் திறந்தீரே ஆண்டவரே என்று வாய்விட்டே சொல்லியிருப்பேன் போல.

அந்தப் படகில் வேறு இரண்டு பெடியள் இருந்தார்கள். கூலிக்குப் போனவர்கள். ஒருவனுடைய தாய் எனக்குப் பக்கத்து வளவு, அவனை என் கையில் தூக்கியிருக்கிறேன். அவர்கள் இருவரும் என் ஞாபகத்துக்கு வரப் பத்து நிமிடம் சென்றது. பத்து நிமிடம். ஒருவருடைய வீழ்ச்சியைப் பார்க்க அவ்வளவு காலமாகக் கழுத்தைத் திருப்பி வைத்திருந்ததில், பக்கத்தில் நிற்கிற ஏழை என் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தான். கடலில் பிள்ளையைக் கொடுத்த நான், இன்னொரு தாயின் பிள்ளை கடலில் நிற்கிறான் என்று நெத்தலி புரட்டிக்கொண்டு மகிழ்ந்திருக்கிறேன்.

கரைக்குப் போனேன். முதலாளியின் மனிசி மணலில் இருந்தார், தலைமயிர் கலைந்து. செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் இருந்து சொன்னேன். மனம் சேரவில்லை, வாய்தான் சொன்னது. நாலாம் நாள் ஒரு பலநாள் படகு கண்டு இழுத்துக்கொண்டு வந்தது, இயந்திரம் பழுதாகி மிதந்திருக்கிறார்கள், மூன்று பேரும் உயிரோடு. எல்லாரும் கத்தினார்கள். எனக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஏமாற்றமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

முதலாளி திருந்தினார் என்று எதிர்பார்க்கிறீர்களா? அடுத்த கிழமை தராசு அதே எட்டரையில் நின்றது.

அந்த ஆவணியில் மடுவுக்குப் போனபோது ஒரு வயதான பாதரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தண்டனை ஒன்றும் பெரிதாகத் தரவில்லை, திருப்பாடல் 73ஐ வாசி என்றார், ஒரே மூச்சில் வாசிக்காதே, நோகிற இடத்தில் நில் என்றார். ஆசாபின் பெயரில் உள்ள பாட்டு. தொடக்கத்திலேயே, தீயவர்கள் செழித்திருப்பதைக் கண்டு பொறாமைப்பட்டு என் கால் சறுக்கப் பார்த்தது என்று ஒத்துக்கொள்கிறார். கோயில் பாடகர் ஒருவர் பொறாமை என்ற சொல்லைத் தானே தன்மேல் போட்டுக்கொள்கிறார், எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பிறகு அந்த ஆட்களுக்கு அகந்தைதான் கழுத்தணி என்று வருகிறது. அங்கே நின்றேன். கழுத்தைத் தடவிப் பார்த்தேன். அன்றைக்கு அதைத் தாண்டிப் போகவில்லை.

நடுவில், கடவுளின் இல்லத்துக்குள் போகும்வரை தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்கிறார். அவர் போன இல்லத்துக்கு யார் மாபிள் போட்டார்களோ தெரியாது. அதற்கடுத்து, தீயவர்களைச் சறுக்கலான இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறீர் என்று ஆறுதல் அடைகிறார். அதில் எனக்கும் ஆசாபுக்கும் இன்னும் சரிவரவில்லை. மாரியில் மாபிள் ஈரமானால் சறுக்குவது ஜெய்ப்பூர் கால் போட்ட என் மனிசனுக்குத்தான், ஒருமுறை விழுந்து இடுப்பில் அடி. பாதரிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, "இதையே கடவுளிட்டச் சொல்லு, என்னட்ட ஏன் சொல்லுறாய்" என்றார்.

அதற்குப் பிறகு அப்படித்தான் செபிக்கிறேன். மரியாதையாக இல்லை. கருவாடு புரட்டும்போது, வெயிலில், என்ன இது, எவ்வளவு காலத்துக்கு, நீர் பார்க்கிறீரா இல்லையா என்று. பக்கத்தில் யாராவது வந்தால் நிறுத்திவிடுவேன், விசர் என்று நினைப்பார்கள். திருப்பாடல்களில் எத்தனையோ இப்படி முறைப்பாட்டுப் பாட்டுகள்தான் என்று அப்போதுதான் கவனித்தேன். கும்பிட்டுக்கொண்டே உள்ளே கடுகடுப்பதை விட முகத்துக்கு நேரே சண்டை பிடிப்பது நல்லது. சண்டை பிடிக்க எதிரே ஒருவர் இருந்தாக வேண்டும், இல்லையா.

கொப்பியை எரிக்கவில்லை. எரிக்கத்தான் அடுப்படிக்குக் கொண்டுபோனேன், மனிசன் வாங்கிப் பார்த்தார். மூன்றாவது நிரலைக் காட்டி, "இது உன்ர வருத்தம்" என்றார். முதல் இரண்டையும் காட்டி, "இது கணக்கு" என்றார். வலை பொத்துகிற மனிதர், அறுந்ததையும் நல்லதையும் பிரித்துப் பார்க்கத் தெரியும். நான் இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தேன். பொறாமையை விட வேண்டும் என்றால் அநியாயத்தையும் பேசாமல் விட வேண்டும் என்று நினைத்தேன். கோயிலிலும் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள், பொறுத்துக்கொள், கடவுள் பார்த்துக்கொள்வார். மூன்றாவது நிரல் இருந்த பக்கத்தைக் கத்தரிக்கோலால் நீளமாக வெட்டினேன். மற்றதை வைத்துக்கொண்டேன்.

நாலு பெண்கள் சேர்ந்து ஒரு டிஜிற்றல் தராசு வாங்கினோம். அவர் கடைக்குக் கொண்டுபோக முதல் எல்லாருடையதையும் அதில் நிறுத்து எழுதுவோம். கொப்பியைச் சங்கக் கூட்டத்தில் வைத்துக் கதைத்தேன். கை நடுங்கியது. பெரும்பாலானவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள், அவர்களுக்கும் அவருடைய முற்பணம்தானே. முதலாளி, தராசு பழசு, கவனிக்கவில்லை என்றார். அடுத்த மாதம் புதுத் தராசு வந்தது. கழிவைக் கூட்டிவிட்டார்! பிறகு நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக முற்பணத்தைக் கட்டி முடித்து, வவுனியாவில் ஒரு கடைக்கு நேரே அனுப்பத் தொடங்கினோம். பஸ்சில்தான். நாற்றம் என்று கொண்டக்டர் ஒவ்வொரு முறையும் சண்டை, அவருக்கு மாதம் ஒரு பைக்கற் கட்டா கொடுத்தோம், நாற்றம் நின்றுவிட்டது.

சுகமாகப் போகவில்லை. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340க்குப் போனது, வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடந்தன, மீன் இல்லாமல் கருவாடு ஏது. அந்த மாதங்களில் மூன்றாவது நிரல் திரும்பவும் மனதுக்குள் ஓடியது. அவருடைய படகுகள் மட்டும் எப்படி ஓடின என்று கேட்டால் பக்கம் பக்கமாக எழுதலாம். எழுதவில்லை. அந்த நேரம் நான் பிடித்துக்கொண்டது சின்ன விசயங்கள்: அவர் வீட்டு வழியால் போகாமல் கோயிலுக்கு மற்ற ஒழுங்கையால் போனேன், கொஞ்சம் சுற்றுத்தான். அவரைப் பற்றி யாராவது கதை தொடங்கினால், நல்ல கதையோ கெட்ட கதையோ, சட்டியை எடுத்துக்கொண்டு எழும்பிவிடுவேன். செபம் வராத நாளில் தனியே இருந்து முயலாமல் பக்கத்து வளவு அக்காவோடு போய் இருந்தேன், அந்தப் பெடியனின் தாய்தான், அவர் சொல்லுவார், நான் முணுமுணுப்பேன். விசுவாசம் முழுதாக என்னுடையதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்று அப்போது பட்டது, அரிசி கடன் வாங்குவது மாதிரி அதையும் வாங்கலாம்.

இன்னொன்று, இது எனக்கு மட்டும் உதவியதோ தெரியாது. 2008 சித்திரையில் போர் கிட்ட வந்தபோது மடு மாதாவின் சுருவத்தையே தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அதற்கும் முன்னூறு வருசத்துக்கு மேல் முதல், ஒல்லாந்தர் காலத்தில், கத்தோலிக்கர் மாந்தையிலிருந்து தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவந்த சுருவம் அது. எங்களை ஏன் காப்பாற்றவில்லை என்று மாதாவோடு கோபப்படப் போனால், அவவும் எங்களை மாதிரி மூட்டை கட்டினவதான் என்று ஞாபகம் வந்து கோபம் பாதியில் நின்றுவிடும். மூட்டை கட்டினவவிடம் என்ன கேட்பது, பக்கத்தில் போய் இருக்கலாம்.

போன மாதம் முதலாளியின் மனிசி ஆள் அனுப்பி என்னிடம் இரண்டு கிலோ நெத்தலிக் கருவாடு கேட்டார். வெளிநாட்டிலிருந்து மகள் வந்திருக்கிறாளாம், வீட்டில் உள்ளது சரியில்லையாம், என்னுடையதில் மணல் இருக்காதாம். தராசில் வைத்தேன். இரண்டு கிலோவும் ஐம்பது கிராமும் நின்றது. ஒரு பிடி எடுக்கவா விடவா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மனிசன் வலைக்குள் இருந்து நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பது கிராமை எண்ணி எடுத்துத் திரும்பச் சட்டிக்குள் போட்டேன். சரியாக இரண்டு கிலோ. முழு விலை.